சும்மாடு இல்லாத கூடை

சனிக்கிழமை எங்கள் புகைப்படக் கிளப்பின் மாதப் போட்டி முடிவுகள் வந்ததிலிருந்து பலர் உள்பெட்டியில் வந்து, "நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டார்கள். கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையை எல்லோரும் படித்திருக்கிறீர்கள். முதல் பரிசுப் படத்தையும் பார்த்திருப்பீர்கள், உப்பளத்தில் கூடை சுமந்து நடக்கிற சிவப்புச் சேலைப் பெண். அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காத உறுப்பினர் என்னையும் சேர்த்து மூன்று பேர்தான். ஆகவே கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வி. அந்தப் பெண்ணின் தலையில் சும்மாடு எங்கே?

சிரிக்காதீர்கள், கேள்வி அதுதான். தலையில் உப்புக் கூடை. கூடைக்கும் தலைக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. எங்கள் தூத்துக்குடியில் தண்ணீர்க் குடம் தூக்குகிற சிறுமிகூடத் துணியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டுதான் குடத்தை ஏற்றுவாள். அளத்தில் ஈர உப்பைச் சுமக்கிற பெண் சும்மாடு இல்லாமல் பத்தடி நடப்பாளா? ஈர உப்பு சொட்டும். அந்த நீர் நெற்றி வழியாகக் கண்ணுக்குள் இறங்கும். படத்தில் இருந்த பெண்ணின் நெற்றியில் குங்குமம்கூடக் கலையவில்லை. சிவப்புச் சேலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அளத்துப் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையோடு காதையும் மூடித் துணி கட்டியிருப்பார்கள். சட்டை போட்டால் சேலையின் சிவப்பு தெரியாதே, அதனால் சட்டை இல்லை. கூடை? அன்று காலையில் கடையில் வாங்கியது போலக் கறை படாத மூங்கில் கூடை.

பின்னால் சூரியன் மறைகிறது. மாலை ஆறு மணி வெளிச்சம். அதைத்தான் நடுவர் "பொன்னொளி" என்று மூன்று முறை சொன்னார். அளத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும், வெயில் ஏறினால் நிற்க முடியாது என்பதற்காக. சூரியன் மறைகிற நேரத்தில் கூடை சுமந்துகொண்டு பாத்தி வரப்பில் ஒய்யாரமாக நடக்கிற உப்பளத் தொழிலாளியை நான் இந்த 41 வருடங்களில் பார்த்ததில்லை. முள்ளக்காட்டில் கேளுங்கள், வேப்பலோடையில் கேளுங்கள். நடுவர் வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். எங்கள் கிளப்பில் பாதிப் பேர் இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர் உப்பைத் தின்று வளர்ந்தவர்கள். அவர்களுக்குமா தெரியாது?

தெரியும். ஏனென்றால் படம் எடுத்த அன்று அவர்களும் அந்த அளத்தில்தான் இருந்தார்கள். கிளப் அவுட்டிங், எல்லோரும் ஒரே மாடலைத்தான் எடுத்தார்கள். தலைக்கு 600 ரூபாய், டிபனும் மாடல் கட்டணமும் சேர்த்து. நான் போகவில்லை, மாதக் கடைசி, லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற நாள். போட்டியன்று திரையில் அதே சிவப்புச் சேலை முதலில் வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது முறை வந்தபோது தட்டல் கொஞ்சம் குறைந்தது. ஐந்தாவது முறை வந்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆறாவது படத்தின் இடது ஓரத்தில் ஒரு ட்ரைபாட் கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகும் நடுவர், "இது கேண்டிட் புகைப்படத்தின் உச்சம், கண்ணிமைக்கும் நொடியைப் பிடித்திருக்கிறார்" என்று முதல் பரிசுக்குரிய படத்தைப் பற்றிச் சொல்கிறார். கேண்டிட் என்றால் ஏற்பாடு செய்யாமல், இயல்பாக நடப்பதை எடுப்பது. எந்த நொடி சார்? அந்தப் பெண் அந்த வரப்பில் அரை மணி நேரம் போய்ப் போய் வந்திருக்கிறார். நொடியைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, நொடி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது.

ஏற்பாடு செய்து படம் எடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குழுவில் யாரும் படிப்பதில்லை, பதில் மட்டும் எழுதுகிறார்கள். ஏற்பாடு செய்யுங்கள். புகை போடுங்கள், ரிஃப்ளெக்டர் பிடியுங்கள், சிவப்புச் சேலை கட்டச் சொல்லுங்கள். பிறகு அதைத் திறந்த பிரிவில் போடுங்கள். மாதத் தலைப்பு "உழைப்பு", பிரிவு "ஆவணம்" என்று அறிவித்துவிட்டு, உழைக்காத ஒருவரை உழைப்பது போல நடக்க வைத்த படத்துக்குப் பரிசு கொடுக்காதீர்கள். அவ்வளவுதான்.

எங்கள் விதித்தாளிலேயே இருக்கிறது. அமெரிக்கப் புகைப்படச் சங்கத்தின் பயணப் பிரிவு, செய்திப் பிரிவு விதிகளைப் பார்த்துத்தான் நம் செயற்குழு அதை எழுதியது. புகைப்படத்துக்காகவே ஏற்பாடு செய்த நிகழ்ச்சி, கூலிக்கு அமர்த்தியோ இயக்கியோ எடுத்த ஆள், இவை ஏற்கப்படமாட்டா என்று அங்கே இருக்கிறது. நம் தாளிலும் நான்காவது விதியாக இருக்கிறது. தமிழில் மொழிபெயர்த்தது நான்தான். அதனால்தான் எனக்கு எண் நினைவிருக்கிறது. மற்றவர்களுக்கு அது இருப்பதே நினைவில்லை.

இனி வரப்போகும் கேள்விகளுக்கு நானே பதில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் நேரம் மிச்சம்.

"ரா ஃபைல் வாங்கிச் சரிபார்த்தோமே, ஒரு மாற்றமும் இல்லையே." ஐயா, கேமராவில் விழுந்த அசல் கோப்புதானே ரா ஃபைல், அது என்ன சொல்லும்? கூடையைக் கணினியில் ஒட்டினார்களா என்று சொல்லும். அந்தக் கூடையை யார் யார் தலையில் வைத்தார்கள் என்று சொல்லுமா? போட்டோஷாப்பைப் பிடிக்கத் தெரிந்துகொண்டு நாம் பெரிய காவல்காரர்கள் ஆகிவிட்டோம். பொய் கேமராவுக்கு உள்ளே நடந்தால்தானே பிடிப்பீர்கள், கேமராவுக்கு முன்னால் நடந்தால்?

"பெரிய பெரிய கலைஞர்களே அப்படித்தான் எடுத்தார்கள்." ஆமாம், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ராபர்ட் துவானோவின் பாரிஸ் முத்தப் படத்தை ஒருவர் குழுவில் போட்டிருந்தார். 1950இல் எடுத்தது. நாடகம் பயின்ற காதலர் இருவரை முத்தமிடச் சொல்லி எடுத்ததுதான். ஆனால் அந்த ஏற்பாடு வெளியே தெரிந்தது 40 வருடம் கழித்து, படத்தில் இருப்பது நாங்கள்தான் என்று வேறு ஒரு தம்பதி உரிமை கோரி வந்த பிறகு. தெருவில் தற்செயலாகக் கிடைத்த முத்தம் என்று நம்பி அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியிருந்தவர்கள் எத்தனை பேர். அவர்களிடம் போய் "அதனால் என்ன?" என்று கேளுங்கள். இன்னொரு அண்ணன் 1858க்கே போய்விட்டார்: மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த ஆங்கிலேயர் லின்னேயஸ் ட்ரைப் நெகட்டிவில் மேகம் வரைந்தாரே என்று. வரைந்தார். அவருடைய நெகட்டிவை அச்சிட்டால் வானம் வெறும் வெள்ளையாகத்தான் வரும், ஆகவே வரைந்தார். கோபுரத்தை வரையவில்லை. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009இல் ஓர் ஓநாய்க்கு முதல் பரிசு கிடைத்தது. இரவில் மரக் கதவைத் தாண்டிக் குதிக்கிற ஓநாய். அபாரமான படம். அதைப் பார்த்த ஸ்பெயின் நாட்டுக்காரர்கள் சிலர், இது மத்ரித் அருகே பூங்காவில் வளர்கிற, பழக்கப்பட்ட ஓநாய் என்று சொன்னார்கள். எடுத்தவர் மறுத்தார். ஆனாலும் விசாரித்து, 2010 ஜனவரியில் பரிசை ரத்து செய்தார்கள். ஓநாயைத் தெரிந்தவர்கள் பார்த்தார்கள், கேட்டார்கள், போட்டி நடத்தியவர்கள் காது கொடுத்தார்கள். இங்கே உப்பளத்தைத் தெரிந்த ஒருவன் கேட்டால், "தம்பிக்குப் பரிசு கிடைக்காத எரிச்சல்" என்கிறார்கள்.

சரி, அதற்கும் வருகிறேன். ஆமாம், நானும் படம் கொடுத்திருந்தேன். பத்துக்கு நான்கு வாங்கினேன். மறைக்க ஒன்றுமில்லை, மதிப்பெண் பட்டியல் குழுவிலேயே இருக்கிறது.

அந்தப் படத்தில் இருப்பது என் அத்தை. 58 வயது. என் அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அத்தையின் அளத்துக் கூலியில். மார்ச் மாதம் ஒரு நாள் விடிகாலை 4.40க்கு அவருடன் போனேன். தலையில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில் நீளப் பலகையால் உப்பை வாரி வரப்பு ஓரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். என் கேமரா பழையது, இரண்டாம் கை. ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 6400 வைத்தேன், அதற்கு மேல் போனால் படமே மணல் கொட்டியது போலாகிவிடும், நாய்ஸ் என்பது அதைத்தான். "இருட்டில் எதை எடுக்கிறாய், விடிந்த பிறகு அம்பாரத்தை எடு, வெள்ளையாக நன்றாக வரும்" என்றார் அத்தை. நான் அத்தையைத்தான் எடுத்தேன்.

நடுவரின் விமர்சனம்: "நாய்ஸ் அதிகம். கால் வெட்டுப்பட்டிருக்கிறது. கண்களில் உணர்ச்சி தெரியவில்லை."

முதல் இரண்டும் சரி. ஒப்புக்கொள்கிறேன், கால் வெட்டுப்பட்டது என் தவறுதான். வரப்பு வழுக்கியது, பின்னால் போக இடமில்லை. மூன்றாவதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. அந்தக் கண்கள் முப்பது வருடம் வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலைப் பார்த்த கண்கள். இப்போது பகலில் வாசலுக்கு வந்தாலே பாதி மூடிக்கொள்ளும். உணர்ச்சி வேண்டுமாம். உணர்ச்சி வேண்டும் என்றால் அவரும் அரை மணி நேரம் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

நான் அன்று ஒன்றும் பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பரிசு பெற்றவருக்குக் கைகொடுத்தேன்கூட. அவர் நல்ல மனிதர், என் மகளின் காய்ச்சலுக்கு இரவு பத்து மணிக்கு மருந்து எழுதிக் கொடுத்தவர். இந்தப் பதிவு அவரைப் பற்றியது அல்ல என்று எழுத நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் அவரைப் பற்றியதும்தான். நடுவர் "கேண்டிட்" என்றபோது எழுந்து நின்று, "இல்லை சார், இது நாங்கள் ஏற்பாடு செய்தது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கேடயத்தை வாங்கப் போகும் வழியிலேயே சொல்லியிருக்கலாம். ஒன்பது வருடமாக அந்த அறையில் நாற்காலி அடுக்குகிறேன். புரொஜெக்டர் பழுதாகும்போதெல்லாம் ஸ்கூட்டரில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோகிறேன். எல்லாரையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் விலை உயர்ந்த லென்ஸ் வைத்திருப்பவரின் படம் திரையில் வந்தாலே அறையில் ஒரு நிசப்தம் விழுகிறது. கல்யாண போட்டோ எடுக்கிற பையன் படம் கொடுத்தால், "ஆல்பத்தில் போடலாம்" என்று ஒரு சிரிப்பு. அவன் கடைசியாக வந்தது எப்போது என்று யாராவது கவனித்தீர்களா?

எங்கேயோ போய்விட்டேன். சும்மாட்டுக்கே வருகிறேன்.

"இந்தப் படங்களால்தான் தொழிலாளர்களின் கஷ்டம் உலகுக்குத் தெரிகிறது" என்று ஒரு அம்மையார் எழுதியிருந்தார். எந்தக் கஷ்டம் அம்மா? அந்தப் படத்தில் கஷ்டமே இல்லையே. அழகான பெண், அழகான சேலை, அழகான சூரியன். மழைக்காலத்தில் அளம் மூடிவிடும், மூன்று மாதம் கூலி கிடையாது, அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியதே 2022இல்தான். இதில் எதை அந்தச் சிவப்புச் சேலை சொல்கிறது?

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அத்தையிடம் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். கையை நெற்றிக்குக் குடை பிடித்து, போனைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். என் கட்சியில் ஓர் ஆள் சேரப்போகிறது என்று நினைத்தேன். அத்தை சிரித்தார். "கூடையில் பாதி உப்புகூட இல்லை, கழுத்தைப் பார், காற்றைச் சுமக்கிறாள்" என்றார். பிறகு, "இந்தப் பிள்ளை பழைய பஸ் நிலையத்தில் பூ விற்கிறவள் அல்லவா?" என்றார். பிறகு எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டார். ஐந்நூறு என்றேன்.

"அரை மணி நேரத்துக்கா? என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் வாதத்துக்கு இது உதவாது என்று எனக்கே தெரிகிறது. நேற்று இரவு செயலாளர் போன் செய்தார், மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று எடுத்தேன். அடுத்த மாதம் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு கிளப் வருகிறதாம், கூட்டு அவுட்டிங், மறுபடியும் உப்பளம். "உங்கள் அத்தை உண்மையான தொழிலாளி என்கிறீர்களே, அவர்கள் வருவார்களா? இனிமேல் யாரும் குறை சொல்ல முடியாது பாருங்கள். சும்மாடும் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்" என்றார். கிண்டலாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. தொகையை 700 ஆக்கலாம் என்றும் சொன்னார்.

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வருவேன் என்பார்.