புள்ளலூரில் பட்டவர்களுக்கு ஒரு கல்

காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருக்கும் புள்ளலூரைப் பற்றி இங்கே முகநூலில் பேச்சு எழும்போதெல்லாம் அது இரண்டே வழிகளில் போய் முடிகிறது. திப்புவின் ஏவுகணைகள் கும்பினிப் படையை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைச் சிதறடித்த இடம் என்று ஒரு தரப்பு மார்தட்டுகிறது. திப்புவின் தந்தையும் மைசூரை ஆண்டவருமான ஐதர் அலியின் படை ஆர்க்காட்டுச் சீமையின் ஊர்களைக் கொளுத்தியதை மறந்துவிட்டீர்களா என்று மறுதரப்பு சீறுகிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் 1780 செப்டம்பர் 10 அன்று அந்த வெளியில் செத்துக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் யார் என்பதை இரு தரப்பாரும் கேட்பதே இல்லை.

நடந்தது இதுதான். 1769இல் செய்த உடன்படிக்கைப்படி துணைக்கு வந்திருக்க வேண்டிய கும்பினி, மராட்டியர் தாக்கியபோது வராததை ஐதர் மறக்கவில்லை. 1779இல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மாகே துறைமுகத்தையும் ஆங்கிலேயர் கைப்பற்றியதும், மறு ஆண்டு ஜூலையில் செங்கம் கணவாய் வழியாக அவருடைய பெரும்படை இறங்கி வந்து ஆர்க்காட்டை முற்றுகையிட்டது. சென்னையிலிருந்து புறப்பட்ட தளபதி ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் வந்து தங்கினார். குண்டூரிலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி அவரோடு வந்து சேர வேண்டும் என்பது ஏற்பாடு. வழியில் கொசத்தலை ஆற்றில் வெள்ளம் வந்தது. பெய்லியின் படை அக்கரையிலேயே பல நாள் முடங்கியது. ஆற்றைக் கடந்த பிறகு பேரம்பாக்கம் அருகே திப்புவின் படை அவரை மறித்துக்கொண்டது. கர்னல் பிளெட்சர் தலைமையில் மன்றோ அனுப்பிய சுமார் 1,000 பேர் செப்டம்பர் 9 அன்று பெய்லியோடு சேர்ந்தபோது மொத்தப் படை ஏறத்தாழ 3,800 ஆயிற்று. காஞ்சிபுரம் இன்னும் சில மைல்தான் என்ற நிலையில், அன்றிரவு நடையை நிறுத்திவிட்டு விடியட்டும் என்று பெய்லி காத்திருந்தார். அந்த ஓர் இரவுக்குள் ஐதர் தன் பெரும்படையையும் பீரங்கிகளையும் புள்ளலூர்ப் பக்கம் நகர்த்திவிட்டார்.

விடிந்ததும் நாற்புறமும் சூழப்பட்ட படை சதுர வியூகம் அமைத்து, பாய்ந்து வந்த குதிரைப்படையை மீண்டும் மீண்டும் தடுத்து நின்றிருக்கிறது. பிறகு வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அதற்குக் காரணம் ஏவுகணையா, பீரங்கிக் குண்டா என்று இங்கே சண்டை போட்டுக்கொள்கிறோம்; வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த சிப்பாய்க்கு அது எதுவாக இருந்தால் என்ன? மன்றோவின் படையோ அருகில் வந்தும் துணைக்கு எட்டவில்லை. செய்தி தெரிந்ததும் அவர் காஞ்சிபுரத்துக்குத் திரும்பி, இழுத்துச் செல்ல முடியாத பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

அந்த 3,800 பேரில் ஐரோப்பியர் சுமார் 500 பேர் மட்டுமே. மற்றவர்கள் சென்னைப் படையின் சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் இந்துஸ்தானியும் பேசிய, நம் ஊர்களிலிருந்து கூலிக்குத் துப்பாக்கி தூக்கியவர்கள். எதிரில் நின்றவர்களிலும் லாலி தலைமையிலான பிரெஞ்சுக்காரர்கள் சிலர் போக, மற்றவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணில் பிறந்தவர்களே.

இவர்களை யார் எப்படி நினைவில் வைத்தார்கள் என்று பாருங்கள். 1784இல் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் இந்தப் போரை வரைவித்தார். அதில் பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார், வெடிமருந்து வண்டி வெடிக்கிறது, திப்பு ஏதோ பூங்காவில் உலவுபவரைப் போல ஒரு ரோஜாவை முகர்ந்தபடி வருகிறார். வரிசை வரிசையாக வரையப்பட்ட காலாட்களுக்கு ஏறக்குறைய ஒரே முகம். தோற்ற பெய்லிக்கும் குறையில்லை: சிறையில் 1782இல் இறந்த அவருக்கு அதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1816இல் நினைவு மண்டபம் எழுந்தது. அவரோடு சிறைப்பட்ட கேப்டன் டேவிட் பெயர்டு 1799இல் அதே கோட்டையின் மீது பாய்ந்த படைக்குத் தலைமை தாங்கிப் பெரும் பெயர் பெற்றார். புள்ளலூரிலேயே இன்று நிற்கும் இரண்டு நினைவுத் தூண்கள்கூட 1780 போருக்கானவை அல்ல. 1781 ஆகஸ்ட் 27 அன்று கும்பினியின் தளபதி அயர் கூட் அதே இடத்தில் ஐதரோடு மோதியபோது உயிரிழந்த ஆங்கில அதிகாரிகளுக்கானவை அவை. சிப்பாய்களுக்கென்று எங்கும் ஒன்றுமில்லை.

இதை ஆங்கிலேயரின் இனத்திமிர் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் இதே புள்ளலூருக்கு இன்னொரு கதை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் மகேந்திரவர்மன் தன் பகைவரை அழித்த இடமாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்வது இந்த ஊரைத்தான். பகைவர் பெயரைச் செப்பேடு சொல்லவில்லை. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியாகத்தான் இருக்க வேண்டும் என்பது வரலாற்றாளர் பலரின் கருத்து. புலிகேசியின் அய்கொளே கல்வெட்டோ, பல்லவ மன்னனைக் காஞ்சியின் மதிலுக்குள் ஒளியச் செய்ததாகப் பாடுகிறது. (வென்றது யார் என்ற சண்டை முகநூலில் தொடங்கியதல்ல!) இவை இரண்டும் அரச ஆவணங்கள், இரண்டிலும் காலாட்களைக் காணோம்.

ஆனால் அதே மகேந்திரவர்மன் காலத்தில், சாமானியர்கள் எழுப்பிய கற்கள் வேறு மாதிரிப் பேசுகின்றன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் அவனுடைய 34ஆம் ஆட்சியாண்டில் எடுத்த நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கான கல் அது. வில்லும் வாளுமாக அவன் நிற்க, பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். ஒரு மந்தைச் சண்டையில் நின்ற நாய்க்குக்கூடப் பெயரெழுதிய நாட்டில், ஒரே காலையில் மடிந்த அத்தனை பேருக்கு ஒரு வரிகூட இல்லாமல் போனதை நாம் எப்படி இயல்பாக எடுத்துக்கொள்கிறோம் என்பதே எனக்கு விளங்கவில்லை.

கும்பினிக்குக் கூலிக்குச் சண்டை போட்டவனுக்குக் கல் எதற்கு என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் 1780இன் மனிதர்களுக்கு 1947இன் கண்ணாடியை மாட்டிவிடக் கூடாது. அன்று ஆர்க்காட்டு நவாபும் கும்பினியும் மைசூரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே ஊர்களில்தான் ஆள் எடுத்தார்கள். சம்பளம் பாக்கி நின்றால் சிப்பாய் கொடி மாறுவதும், பிடிபட்டவன் பிடித்தவனுடைய படையிலேயே சேர்வதும் வழக்கமாக நடந்தவை. அவர்கள் கண்மூடித்தனமான விசுவாசிகளும் அல்லர். புள்ளலூர் நடந்து ஒரு மாதம் ஆகுமுன், அக்டோபர் 3 அன்று, ஐதரோடு போரிடச் சென்னைக்குக் கப்பலேற மாட்டோம் என்று விசாகப்பட்டினத்துச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பினார்கள். வேலூர்ப் புரட்சிக்கு 26 ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. அதே மனிதர்களை ஓரிடத்தில் துரோகி என்றும் இன்னோரிடத்தில் புரட்சியாளர் என்றும் அழைப்பது நம் வசதிக்காகச் செய்யும் வேலை.

ஐதரின் காலாட்களையும் நான் விட்டுவிடச் சொல்லவில்லை. வென்றதால் அவர்கள் சாகவில்லை என்று ஆகிவிடாது. அந்தப் போரில் சோறின்றிச் செத்த குடியானவர்களையும் அப்படித்தான்: ஊர்கள் எரிந்து, விளைச்சல் அழிந்து, அடுத்த ஆண்டுகளில் சென்னை வரை பஞ்சம் பரவியது.

என் கோரிக்கை பெரிதல்ல. சிலை வேண்டாம், மணிமண்டபம் வேண்டாம், ஆண்டுதோறும் மாலை போட வரும் கூட்டமும் வேண்டாம். இப்போது நிற்கும் தூண்களுக்குப் பக்கத்தில், நடுகல் அளவில், ஒரே ஒரு கல் நட்டால் போதும். மகேந்திரவர்மன் காலப் போரும், 1780, 1781 ஆண்டுகளின் போர்களும் அதில் இடம்பெற வேண்டும். பெயர்கள் கிடைக்காவிட்டால், எந்தெந்தப் படைகளில் நின்றவர்கள் இங்கே பட்டார்கள் என்றாவது பொறிக்கலாம். இரு பக்கத்தாருக்கும் ஒரே கல்லாக இருக்கட்டும். வாசகம் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என நான்கு மொழிகளிலும் இருக்கட்டும். ஊராட்சித் தீர்மானம் ஒன்றும், தொல்லியல் துறையின் இசைவும் இருந்தால் ஆகிவிடக்கூடிய காரியம் இது. அந்தப் பகுதியைச் சேர்ந்த நண்பர்கள் யாராவது ஊராட்சியில் இதைப் பேசத் தயாராக இருந்தால், மனு எழுதித் தருவது என் பொறுப்பு.