சிடி ஸ்கேனை ஒதுக்கிவிடாதீர்கள்

மண்டையோட்டின் அடியில் வரும் குருத்தெலும்புக் கட்டிக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் ஒன்றே போதும் என்பதுபோல் நான் படித்த ஒரு கட்டுரை முடிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காண்ட்ரோசார்கோமா (குருத்தெலும்புப் புற்றுக்கட்டி), அதோடு குழம்பக்கூடிய கார்டோமா (கருவில் முதுகுத்தண்டு உருவானபோது இருந்த திசுவின் மிச்சத்திலிருந்து வரும் கட்டி) இரண்டுமே எம்ஆர்ஐயின் டி2 வகைப் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத்தான் தெரியும். வளையமாகவும் பிறையாகவும் சுண்ணாம்பு படிந்திருப்பது சிடியில்தான் சரியாகப் பிடிபடும். அது குருத்தெலும்புக் கட்டிக்கே உரிய அடையாளம். இடத்தையும் பார்க்க வேண்டும். கார்டோமா பெரும்பாலும் கிளைவஸின் (மண்டையோட்டின் அடியில் நடுவே சரிவாக இருக்கும் எலும்பு) நட்டநடுவில் இருக்கும். காண்ட்ரோசார்கோமா சற்று ஓரமாக, பெட்ரஸ் எலும்பு (உட்காதைச் சூழ்ந்த எலும்பு) கிளைவஸோடு சேரும் இடத்தில். (எல்லாக் கட்டிகளும் இந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை.) எம்ஆர்ஐயின் டிஃப்யூஷன் படத்தில் ஏடிசி அளவு (திசுவுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்பதன் அளவு) காண்ட்ரோசார்கோமாவுக்குப் பொதுவாகக் கூடுதல். இதற்குப் பிறகும் குழப்பம் என்றால் திசுப் பரிசோதனைதான்; பிராக்கியூரி (கார்டோமா செல்களில் காணப்படும் ஒரு புரதம்) பாசிட்டிவ் என்றால் கார்டோமா பக்கம் சாயலாம்.

இன்னொன்று: இந்தக் கட்டிகளால் ஆறாவது மூளை நரம்பு (கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு) அழுந்துவதால் பலருக்கு முதலில் வருவது இரட்டைப் பார்வை. அதைக் கட்டுரை சொல்லவே இல்லையே?