வலி ஊசி போட்டாலே சிசேரியன்தானா?

"வலி வர ஊசி போட்டால் கடைசியில் சிசேரியன்தான், அது உடம்புக்கு ஒவ்வாத ரசாயனம்" என்று சிலர் சொல்வது சரியில்லை. பிரசவ வலி வர டிரிப்ஸில் ஏற்றும் மருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். மூளையிலிருந்து இயல்பாகச் சுரக்கும் அதே மூலக்கூறுதான். 1953-லேயே ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள்.

சிசேரியன் பயம் வந்ததற்குக் காரணம் தவறான ஒப்பீடு. தானாக வலி வந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். ஆனால் ஊசி வேண்டாம் என்பவருக்கு மறுநாளே வலி வந்துவிடுமா என்ன? காத்திருப்பவரோடு ஒப்பிடுவதுதான் நியாயம். 2018-ல் அமெரிக்காவில் சிக்கலில்லாத முதல் பிரசவக்காரர்கள் சுமார் 6,100 பேரிடம் அப்படிப் பார்த்தபோது, 39-வது வாரத்தில் வலி வரவழைத்தவர்களில் 18.6 சதவீதம் பேருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம் பேருக்கும் சிசேரியன் ஆனது.

அதற்காக எல்லோருக்கும் ஊசி வேண்டும் என்று சொல்லவில்லை. அளவு கூடினால் கருப்பை அடுத்தடுத்துச் சுருங்கி, குழந்தையின் இதயத்துடிப்பு பாதிக்கப்படலாம். அதனால்தான் கண்காணித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். டிரிப்ஸை நிறுத்தினால் மருந்தின் வேகம் சீக்கிரமே தணியும். கருப்பை வாய் இளகாதிருந்தால் முதலில் அதை இளக்கும் புராஸ்டாகிளாண்டின் மருந்து வைப்பார்கள். ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள், குறிப்பாக இந்த வகையைச் சேர்ந்த மிசோபுரோஸ்டால் மருந்து பற்றி, மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். கருப்பையில் போட்ட பழைய தையல் விட்டுப்போகும் ஆபத்து உண்டு.