எல்ட்ஸ் கோட்டை: படத்துக்குப் பின்னால் ஒரு முற்றுகை
ஜெர்மனியில் உள்ள எல்ட்ஸ் கோட்டையைப் பற்றிய உங்கள் கட்டுரையும் படங்களும் அருமை. ஆனால் "யாராலும் தாக்கப்படாத கோட்டை" என்று எழுதியிருப்பது சரியல்ல. இடிக்கப்படவில்லை என்பதுதான் உண்மை, தாக்கப்பட்டது.

1331இல் ட்ரியர் நகரின் பேராயரும் ஆட்சியாளருமான பால்ட்வின் தன் அதிகாரத்தை விரிவாக்க முனைந்தபோது, கோட்டைக்குச் சொந்தக்காரர்களான எல்ட்ஸ் குடும்ப வீரர்கள் சுற்றுவட்டாரக் கோட்டைக்காரர்களுடன் கூட்டுச் சேர்ந்து எதிர்த்து நின்றார்கள். பால்ட்வின் எதிர்ச் சரிவில், எல்ட்ஸைவிட உயரத்தில் ட்ருட்ஸ்எல்ட்ஸ் என்ற முற்றுகைக் கோட்டையையே கட்டி, அங்கிருந்து கல்லெறிந்தார். சில ஆண்டுகளில் எல்ட்ஸ் குடும்பம் பணிந்தது. அந்த முற்றுகைக் கோட்டையின் இடிபாடு இன்றும் காட்டுக்குள் நிற்கிறது. போகிறவர்கள் தயவுசெய்து அதையும் பாருங்கள், கோட்டையின் முழு அமைப்பும் அங்கிருந்துதான் பிடிபடும்.

1268இலேயே எல்ட்ஸ் குடும்பச் சகோதரர்கள் சொத்தைப் பிரித்துக்கொண்டதால், ஒரே மதிலுக்குள் பல குடும்பங்கள் தனித்தனி வீடு கட்டி வாழ்ந்தன. எல்லோரும் கூடிப் பேசிய மண்டபத்தில் கோமாளி முகங்கள் உண்டு, மனதில் பட்டதைப் பேசலாம் என்பதற்கு. கதவுக்கு மேல் ஒரு ரோஜா: பேசியது வெளியே போகக்கூடாது. பங்காளிகள் நூற்றாண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த சூட்சுமம் இதில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

1689இல் பிரெஞ்சுப் படை பக்கத்துக் கோஹெம் கோட்டையை அழித்தது. எல்ட்ஸ் தப்பியதற்குக் காரணம், அந்தப் படையிலேயே அதிகாரியாக இருந்த ஹான்ஸ் அன்டன் என்ற எல்ட்ஸ் குடும்பத்தவர்.

கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! மேட்டு நிலத்தில் வீர்ஷெம், கோட்டையைச் சுற்றி ஓடும் ஓடை மோசல் ஆற்றில் சேருமிடத்தில் மோசல்கெர்ன். மேலே தானிய வயல், கீழே திராட்சைத் தோட்டம். அடுத்த பகுதியில் அவற்றைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.