நீங்கள் எங்கே தவறினீர்கள், சார்?

போன ஞாயிற்றுக்கிழமை யூடியூபில் மூன்று மணி நேரப் பேட்டி ஒன்றைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு, துணி மடித்துக்கொண்டு, நடுவில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு ஓடி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, ஒன்றரை வேகத்தில் ஓடவிட்டேன். பேசியவர் நிஜமாகவே விஷயம் தெரிந்தவர். மாநிலத்தின் கடன், ஜிஎஸ்டி பங்கு, வேலையில்லாப் பட்டதாரிகள் என்று எதைத் தொட்டாலும் அவருக்குச் சொல்ல ஏதோ இருந்தது. கேட்டவர் கையில் ஒரு கத்தை கார்டு. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு "சூப்பர் சார்", அப்புறம் அடுத்த கார்டு. ஒரு இடத்தில் அந்தப் பெரியவர், "நான் அப்போ அப்படித்தான் எழுதினேன், இப்போ அப்படி நினைக்கல" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். நிறுத்தியது வேண்டுமென்றேதான், பார்த்தாலே தெரிந்தது. கேட்டவர் நிமிரவே இல்லை. அடுத்த கார்டு: "உங்க சின்ன வயசு பத்திச் சொல்லுங்க சார்."

"யோவ், அதைக் கேளுய்யா!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். வீட்டில் சிரித்தார்கள்.

இப்போது எங்கே பார்த்தாலும் நீளப் பேட்டிதான். இரண்டு மணி, நான்கு மணி, சிலது பாகம் ஒன்று, பாகம் இரண்டு என்று ஓடுகிறது. "ஆழமான உரையாடல்" என்று தலைப்பிலேயே போட்டுவிடுகிறார்கள். நீளமாக இருந்தால் ஆழம் தானாக வந்துவிடும் என்று எல்லோரும் நம்பிவிட்டோம் போலிருக்கிறது. என் கணக்கு வேறு. ஒரு சிந்தனையாளரோடு நடக்கும் பேச்சு ஆழமானதா இல்லையா என்று பார்க்க எனக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: நீங்கள் எங்கே தவறினீர்கள் என்று அவரிடம் கேட்டார்களா? கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தார்களா?

1978-ல் பிபிசி தொலைக்காட்சியில் பிரையன் மகீ என்பவர் தத்துவ அறிஞர்களோடு பதினைந்து உரையாடல்கள் நடத்தினார். இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவார்கள், அவ்வளவுதான் நிகழ்ச்சி. மகீ அப்போது லேபர் கட்சியின் எம்பி வேறு. (நம்ம ஊர் எம்பி ஒருவர் டிவியில் வாராவாரம் தத்துவம் பேசுவதாக நினைத்துப் பார்த்தேன். சரி, விடுங்கள்.) அதில் ஒரு நாள் ஏ. ஜே. அயர் வந்தார். இவர் யார் என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்ததன் ருசி தெரியும். 1936-ல், இருபத்தைந்து வயதில், வியன்னாவில் பிறந்த ஒரு தத்துவத்தை ஒரே புத்தகத்தில் ஆங்கில உலகத்துக்குக் கொண்டுவந்து இறக்கியவர். அந்தத் தத்துவம் சொல்வது இதுதான்: ஒரு வாக்கியம் அதிலுள்ள சொற்களின் பொருளாலேயே உண்மையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அனுபவத்தில் சோதித்துப் பார்க்க முடிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது பொய்கூட இல்லை, வெறும் அர்த்தமில்லாத சத்தம். கடவுள் இருக்கிறார் என்பதும் சத்தம், இல்லை என்பதும் சத்தம். எத்தனை பேரை அந்தப் புத்தகம் அலற வைத்திருக்கும்!

நாற்பத்திரண்டு வருடம் கழித்து மகீ அவரிடம் சாதாரணமாகக் கேட்கிறார்: இப்போது திரும்பிப் பார்த்தால், அந்தத் தத்துவத்தின் முக்கியமான குறைகள் என்ன? அயர் சொல்கிறார்: முக்கியமான குறை என்னவென்றால், அது கிட்டத்தட்ட முழுவதுமே பொய் என்பதுதான்.

இதை ஒரு ஜோக்காகத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள். எனக்கு அதற்கடுத்து வருவதுதான் பெரிது. மகீ சிரித்துவிட்டு அடுத்த கார்டுக்குப் போகவில்லை. எது எது பொய் என்று விவரம் கேட்கிறார். அயரும் ஒளிக்காமல் சொல்கிறார். அந்தச் சோதனை விதியை ஒழுங்காக எழுதவே முடியவில்லை, பலமுறை முயன்றும் ஒன்று அது அளவுக்கு அதிகமாக உள்ளே விட்டது, இல்லையென்றால் அளவுக்குக் குறைவாக விட்டது. அந்தச் சில நிமிடங்களில் தத்துவ வரலாற்றில் எனக்குப் புரிந்த அளவு கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்தும் புரியவில்லை. ஒரு கருத்தை அதைக் கட்டியவரே செங்கல் செங்கலாகப் பிரித்துக் காட்டும்போதுதான் அது எப்படிக் கட்டப்பட்டது என்பதே தெரிகிறது.

இன்னொன்று, இது கொஞ்சம் கசப்பானது. 1994-ல் அதே பிபிசியில் வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாமோடு எழுத்தாளர் மைக்கேல் இக்னாட்டியெஃப் பேசுகிறார். ஹாப்ஸ்பாம் வாழ்நாள் கம்யூனிஸ்ட். 1956-ல் சோவியத் டாங்கிகள் ஹங்கேரிக்குள் போனபோது நண்பர்கள் பலர் கட்சியை விட்டு வெளியே வந்தார்கள், அவர் வரவில்லை. இக்னாட்டியெஃப் கத்தவில்லை, மேசையைத் தட்டவில்லை. 1934-லேயே சோவியத்தில் லட்சக்கணக்கானவர்கள் சாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் உங்கள் நிலை மாறியிருக்குமா என்று கேட்கிறார். அநேகமாக மாறியிருக்காது என்கிறார் ஹாப்ஸ்பாம். ஏன்? உலகமே படுகொலையில் மூழ்கியிருந்த காலம் அது, பெரும் துயரத்திலிருந்து ஒரு புது உலகம் பிறக்கும் என்ற வாய்ப்புக்குத் துணை நிற்பது அப்போதும் சரியாகவே தோன்றியிருக்கும் என்று விளக்குகிறார், கொடுத்த விலை எந்த அளவுகோலிலும் அதிகம்தான் என்றும் சேர்த்துக்கொள்கிறார். இக்னாட்டியெஃப் விடவில்லை. அப்படியானால் அந்த ஒளிமயமான எதிர்காலம் உண்மையாகவே வந்திருந்தால் ஒன்றரை, இரண்டு கோடிப் பேரின் சாவு நியாயமாகியிருக்கும் என்கிறீர்களா?

"ஆமாம்."

அந்த ஒரு சொல் அவர் சாகும்வரை, 2012 வரை, அவரை விடவில்லை. அஞ்சலிக் கட்டுரைகளில்கூட வந்தது. நான் அவருடைய புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பவன், அந்தப் பதிலை ஏற்கிறவன் இல்லை. ஆனாலும் அந்தப் பேட்டியை மதிக்கிறேன், இரண்டு பேரையும் மதிக்கிறேன். ஒருவர் கேட்க வேண்டியதைக் கேட்டார், இன்னொருவர் நழுவவில்லை. இன்றைக்கு அதே பேட்டி நடந்தால் என்ன ஆகும்? "ஆமாம்" மட்டும் பத்து நொடி வெட்டாக வாட்ஸாப்பில் சுற்றும், அதற்கு முன்னால் அவர் யோசித்துத் தயங்கிச் சொன்னதெல்லாம் காணாமல் போகும். தெரிந்தே எந்த அறிஞர் வாயைத் திறப்பார்? நம்ம ஆட்கள் கேட்பதில்லை என்று திட்டும்போது இந்தப் பக்கத்தையும் நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். "நான் தப்பு பண்ணிட்டேன்" என்று ஒருவர் மனசு விட்டுச் சொன்னால் அடுத்த நிமிடம் அது சிவப்பு எழுத்தில் தம்ப்நெயில் ஆகிவிடும், வாயைப் பிளந்த மாதிரி அவர் முகத்தோடு.

பொருளாதாரத்துக்கு வருவோம், அங்கேதான் இந்தக் கேள்விக்கு விலை அதிகம். தத்துவத்தில் ஒருவர் தவறினால் பாவம் சில மாணவர்கள் குழம்புவார்கள். பொருளாதாரத்தில் தவறினால் ஊருக்கே வேலை போகும். பணப்புழக்கத்தின் அளவைக் கட்டுப்படுத்தினால் விலைவாசி அடங்கும் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் சொன்ன வழியில் பிரிட்டனின் தாட்சர் அரசு ஆரம்ப வருடங்களில் நடந்தது. விலைவாசி இறங்கியது, ஆனால் 1982-க்குள் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் முப்பது லட்சத்தைத் தாண்டினார்கள். முழுக்க அந்தக் கொள்கையால்தானா என்று பொருளாதார வல்லுநர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. 2003-ல் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகைக்காக மதியச் சாப்பாட்டோடு ஒரு பேட்டி. தொண்ணூறு வயது ஃப்ரீட்மன் அதில் சொல்கிறார்: பணத்தின் அளவை இலக்காக வைத்தது வெற்றி பெறவில்லை, முன்பு அடித்துச் சொன்ன அளவுக்கு இன்று சொல்வேனா என்று தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில், இரண்டே வாக்கியத்தில்.

கிரீன்ஸ்பானுக்கு அந்தச் சௌகரியம்கூடக் கிடைக்கவில்லை. 1987 முதல் 2006 வரை அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர், வாயைத் திறந்தால் சந்தை ஏறும் இறங்கும். லீமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்து ஐந்து வாரம் கழித்து, 2008 அக்டோபர் 23 அன்று நாடாளுமன்றக் குழு முன்னால் உட்காருகிறார். தலைவர் ஹென்றி வாக்ஸ்மன் நேராகக் கேட்கிறார், நீங்கள் தவறினீர்களா என்று. ஓரளவுக்கு என்று ஆரம்பித்து, உலகம் எப்படி இயங்குகிறது என்பதற்கு நான் நம்பிய கோட்பாட்டிலேயே ஒரு ஓட்டையைக் கண்டேன் என்று முடிக்கிறார். நாற்பது வருடத்துக்கும் மேலாக அது நன்றாகவே வேலை செய்தது, அதனால்தான் அதிர்ந்துபோனேன் என்கிறார். இது பேட்டி இல்லை, விசாரணை. ஆனால் அவரை வைத்து அதற்கு முன்னால் நடந்த எத்தனையோ மரியாதையான பேட்டிகளில் வராத ஒன்று அங்கே வந்தது.

உடனே சிலர் டிவி பேட்டியாளர் கரண் தாப்பரைக் கொண்டுவருவீர்கள் என்று தெரியும். 2004-ல் ஜெயலலிதாவோடு அவர் நடத்திய பேட்டி, கடைசியில் "உங்களோடு பேசியது மகிழ்ச்சியாக இல்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு அம்மையார் எழுந்துபோனது, இன்றைக்கும் நம்ம ஆட்களுக்கு அது கொண்டாட்டம். நானும் பத்துத் தடவை பார்த்திருப்பேன். பத்துத் தடவைக்கு அப்புறமும் அவருடைய ஆட்சி பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. சேவல் சண்டையில் எந்தச் சேவலும் யோசிப்பதில்லை.

தமிழில் இந்த மரபே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்த தொண்ணூறுகளின் முதல் பாதியில் சுபமங்களா இதழில் எழுத்தாளர்களின் நீண்ட பேட்டிகள் வந்தன. அதற்காகவே இதழ் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அதன் பிறகு கேமரா வந்தது, கூடவே கும்பிடும் வந்துவிட்டது. பெரியவரைக் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். உடனே நக்கீரனை இழுக்காதீர்கள். அவர் கேள்வி கேட்கவில்லை, தீர்ப்புச் சொன்னார். அது நமக்கு நன்றாகவே வரும். தீர்ப்புக்கும் கும்பிடுக்கும் நடுவில் இருக்கிற "எனக்குப் புரியல சார், இன்னொரு தடவை சொல்லுங்க" என்பதுதான் நமக்கு வருவதில்லை.

இவ்வளவு பேசுகிற நான் என்ன கிழித்தேன் என்றால், 2012-ல் ஒரு சிற்றிதழுக்காக ஒரு பேராசிரியரைப் பேட்டி எடுத்தேன். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு கேள்வி எழுதிக்கொண்டு போனேன், நம்பர் போட்டு. அவர் வீட்டுத் திண்ணையில் நான்கு மணி நேரம். முறுக்கு வந்தது, இரண்டு தடவை டீ வந்தது, ரெக்கார்டரின் சின்ன சிவப்பு விளக்கு எரிகிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்தொன்றையும் கேட்டு முடித்தபோது ஏதோ சாதித்த மாதிரி இருந்தது. ரெக்கார்டரை அணைத்துப் பையில் போட்டபிறகு அவர் உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். பழுப்பேறிய பத்திரிகை நறுக்கு ஒன்று. 1992-ல் அவர் எழுதிய கட்டுரை. சந்தையைத் திறந்துவிட்டதால் திருப்பூரின் பனியன் கம்பெனிகள் பத்து வருடத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்று அடித்து எழுதியிருந்தார்.

திருப்பூர் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். ஏற்றுமதி ஆயிரக்கணக்கான கோடிக்குப் போனது. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த வயலும் கிணறும் கெட்டு, 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போடும் அளவுக்குப் போனது. நான் அவர் வீட்டுக்குப் போனது அதற்கு அடுத்த வருடம். ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது, என் முப்பத்தொன்றில் அது இல்லை.

"கம்பெனி போயிரும்னு எழுதுனேனுங்க தம்பி," என்றார். "கம்பெனி போகல. ஆறு போயிருச்சு. எனக்கு அது ஏன் தெரியாமப் போச்சுன்னு நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன்."

எனக்கு எட்டேகால் பஸ். "அடுத்த தடவை கண்டிப்பாக் கேக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பேட்டி எட்டுப் பக்கம் வந்தது. ஆழமான பேட்டி என்று இரண்டு பேர் கடிதம் எழுதியிருந்தார்கள். அடுத்த இதழோடு பத்திரிகை நின்றுபோனது.

இந்தப் பொங்கலுக்கு அவருக்குப் போன் போட்டேன். எண்பது தாண்டிவிட்டது. காது சரியாகக் கேட்பதில்லை, அவர் மகள்தான் வாங்கிப் பேசினார். அப்பாவுக்கு எழுதிக் காட்டினால் நன்றாகப் புரியும், பதிலும் நிதானமாகச் சொல்வார் என்றார். ஃபைல் இன்னும் பீரோவில்தான் இருக்கிறதாம். அடுத்த மாதம் போகலாம் என்று இருக்கிறேன். இந்தத் தடவை ஒரே ஒரு கேள்விதான். சார்ட் பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துப்போக வேண்டும், திரும்பிவர பஸ் டிக்கெட் போடக் கூடாது.