அழுகாச்சி என்று சொன்ன ஐயாவுக்கு

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். விட்டுத்தள்ளு, உனக்கெதுக்கு என்று வீட்டிலும் சொன்னார்கள். நேற்று ராத்திரி ஒருவர் அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, கூடவே சிரிக்கிற பொம்மை நாலைந்து போட்டிருந்தார். அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. ஆகவே இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் ஐயா மாதிரி அங்கங்கே இருபது விநாடி படித்துவிட்டுப் போகலாம்.

நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தைப் பற்றி அந்தப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து போட்ட ஆல்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமை அறிமுகக் கூட்டம். சிறப்பு விருந்தினராக வந்த ஐயா தன் போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்து, நாலாவது பாட்டில் இருபது விநாடி, ஒன்பதாவதில் இருபது விநாடி, பதிமூன்றாவதில் பத்து விநாடி ஓடவிட்டார். "நாம பாட்டு கேக்க வந்தோமா, பாடம் கேக்க வந்தோமா?" என்றார். சபை சிரித்தது. சிரிப்பைக் கண்டதும் அவருக்கு இன்னும் தெம்பு வந்துவிட்டது. "நல்ல பிள்ளைங்கதான், ஆனா ஒரே அழுகாச்சி ஆல்பமா இருக்கு, நடுவுல ஒரு குத்து வெச்சிருக்கலாம்" என்றார். அப்போது பாடகியான அந்தப் பெண் மேடையோரத்தில் நின்று துப்பட்டா நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது வீடியோவில் ஓரமாகத் தெரிகிறது. சிரித்தவர்கள் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐயாவுக்கு இசை தெரியாது என்று நான் சொல்லவில்லை. என்னைவிட நூறு மடங்கு தெரியும். அவர் கேட்கவில்லை. அவ்வளவுதான் என் புகார். பதினாறு பாட்டில் மூன்றை, அதிலும் மொத்தமாக ஐம்பது விநாடி கேட்டார். அதைக் கேட்டது என்று சொல்ல முடியுமா? இந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும், வைத்திருக்கிற வரிசையில் கேட்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். முதல் பாட்டில் சொற்களே ரொம்பக் குறைவு. மணலில் நடக்கிற காலடிச் சத்தம், அதற்கு மேல் ஒற்றைத் தப்பு மேளம். 1820களில் இலங்கையின் கோப்பித் தோட்டத்துக்கு (காப்பிக்கு அங்கே கோப்பி என்று பெயர்) ஆள் கட்டிக்கொண்டு போனார்களே, அந்த நடை. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து சனங்களைத் தோணியில் ஏற்றி மன்னார்க் கரையில் இறக்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடத்தியே கூட்டிப்போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கு கிடையாது. 2023இல் இருநூறு வருடம் ஆனதென்று அதே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடி நடந்தார்களே, அந்த வழிதான். சரி, இந்த முதல் பாட்டின் தப்பு அடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே அடி ஆறாவது பாட்டில் பாதி வேகத்தில் திரும்ப வரும். 1869இல் கோப்பி இலையில் துரு மாதிரி நோய் விழுந்து, கொஞ்ச வருடத்தில் தோட்டங்கள் பட்டுப்போன கதை அது. நடந்து வந்தவர்கள் நட்ட செடி கண்ணெதிரே காய்கிறது, அவர்களின் நடையும் தளர்கிறது. இடையில் கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் பத்தொன்பது ஏக்கரில் போட்ட தேயிலை ஒரே வரியில் வந்து போகும். அந்தப் பத்தொன்பது ஏக்கர்தான் பிறகு எங்கள் குடும்பம் மொத்தத்தையும் விழுங்கியது, ஆனாலும் பாட்டில் ஒரு வரிதான். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. பதிமூன்றாவது பாட்டில் அந்தத் தப்பு ரயில் சக்கரமாக மாறிவிடுகிறது. ஐயா அந்த ரயிலைப் பத்து விநாடி கேட்டார். நடையைக் கேட்காதவருக்கு ரயில் எப்படிக் கேட்கும்?

பத்தாவது பாட்டு 1948 குடியுரிமைச் சட்டம். 1947 தேர்தலில் மலையகத் தமிழர் ஏழு பேர் ஜெயித்து நாடாளுமன்றம் போனார்கள். 1952 தேர்தலில் ஒருவர்கூட இல்லை. குடியுரிமையும் ஓட்டும் போய்விட்டனவே. இந்தப் பிள்ளைகள் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? ஏழு குரலில் பாட்டைத் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு குரலை நிறுத்திக்கொண்டே வருகிறார்கள். கடைசிச் சுற்றில் யாருமே இல்லை, கிட்டார் மட்டும் ஓடுகிறது. எந்த விளக்கமும் சொல்லவில்லை. இதைப் போய் இருபது விநாடி கேட்டால் ஏழு பேர் கூட்டமாகப் பாடுகிற ஏதோ ஒரு பாட்டு என்றுதான் தோன்றும்.

ஐயா "பாடம்" என்று கேலி செய்தாரே, நிஜமான பாடம் அவர் கேட்காத பன்னிரண்டாவது பாட்டில்தான் இருக்கிறது. ஆமாம், பாடம்தான். வாய்ப்பாடு ராகத்தில் பாடியிருக்கிறார்கள். 1964 அக்டோபர் 30, சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். நாடில்லாமல் போன மலையகத் தமிழர்களை இரண்டு நாடும் பங்குபோட்ட கணக்கு. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000. அந்த மீதியைப் பத்து வருடம் கழித்து ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள் ஸ்லேட்டை வைத்துக்கொண்டு ஒப்பிக்கிற குரலில் "மீதி எத்தனை, மீதி எத்தனை" என்று வரும்போது எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. ஏனென்றால் அந்தக் கணக்கில் எங்கள் அம்மா ஒரு எண்.

இப்போது அழுகாச்சிக்கு வருகிறேன். தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்புகிறவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகத்துச் சனங்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. கோச்சி என்றால் அங்கே ரயில். பாதிக் குடும்பம் ஏறும், பாதி பிளாட்பாரத்தில் நிற்கும். அண்ணனுக்கு இந்தியா கிடைத்திருக்கும், தங்கைக்கு இலங்கை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார்கள். பதிமூன்றாவது பாட்டின் பெயரே அதுதான். ஐயா அதைத்தான் பத்து விநாடி ஓடவிட்டு அழுகாச்சி என்றார். தெரிந்து சொல்லியிருந்தால் அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. தெரியாமல் சொன்னதுதான் வலிக்கிறது.

அப்புறம் அந்தக் குத்து. ஐயா நாலாவது பாட்டிலிருந்து ஒன்பதாவதுக்குத் தாவினார் பாருங்கள், நடுவில் ஏழாவது இருக்கிறது. காமன் கூத்துப் பாட்டு. மாசி மாதத்தில் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) முன்னால் ரதியும் மன்மதனும் ஆடுகிற கூத்து. தப்புச் செட்டு மொத்தமும் இறங்கி ஆறு நிமிஷம் அடிக்கிறது. என் பையன் நாற்காலி மேல் ஏறி ஆடினான். குத்து கேட்டவர் குத்தைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறார்.

என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "அப்போ விமர்சனமே பண்ணக் கூடாதா?" பண்ணுங்கள், தாராளமாக. நானே பண்ணுகிறேன். எட்டாவது பாட்டு, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கடிதம் எழுதுகிற மாதிரி வருகிறதே, அது தேவைக்கு மேல் நீளம். பாடுகிற தம்பி வெள்ளைக்காரன் மாதிரி தமிழ் பேசுவது எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைத்தது. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஏனென்றால் அதை முழுக்கக் கேட்டேன், இரண்டு தடவை.

"தப்புக்குப் பக்கத்தில் கிட்டாரா?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். வயலின் எங்கிருந்து வந்தது அண்ணே? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அந்த வெள்ளைக்கார வாத்தியத்தைக் கையில் எடுத்தது இந்தக் கோப்பிக் காலத்துக்குக் கொஞ்சம் முந்திதான். வயலின் சங்கீதத்துக்குள் வந்துவிடலாம், கிட்டார் தப்புக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாதாக்கும்.

இன்னொருவர் கொஞ்சம் படித்தவர். "நாலு பேரில் இரண்டு பேர் சென்னைக்காரர்கள், அவர்களுக்கு மலையகத்தைப் பற்றி என்ன தெரியும், இதெல்லாம் அமெரிக்கக்காரனைப் பார்த்துப் போட்ட சூடு" என்று எழுதியிருந்தார். அவர் சொல்லும் அமெரிக்கர் சுஃப்யான் ஸ்டீவன்ஸ். 2005இல் இல்லினாய் மாநிலத்தை வைத்து 22 பாட்டில் ஒரு ஆல்பம் போட்டார். அந்தப் பாதிப்பு இருக்கிறது, இல்லை என்று இந்தப் பிள்ளைகளே சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயம். அந்த மனிதர் பிறந்தது மிச்சிகனில். இல்லினாய் அவருக்குப் பக்கத்து ஊர் மாதிரி. ஐம்பது மாநிலத்துக்கும் ஆளுக்கொன்று போடுவேன் என்று சொல்லி இரண்டோடு நிறுத்திவிட்டு, அது சும்மா விளம்பரத்துக்குச் சொன்னது என்று பின்னால் ஒப்புக்கொண்டவர். அவரை யாரும் நீ இல்லினாய்க்காரனா என்று கேட்டு ஓரம்கட்டவில்லை. நம் ஊரில்தான் ஒரு ஊரைப் பற்றிப் பாட ரேஷன் கார்டு கேட்கிறோம்.

சரி, நியாயமாகச் சொன்னால் அந்தக் கேள்வியில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர்கள் எங்களைப் பரிதாபமாகவே பாடிவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு மனசு இல்லை.

"துயரத்தை விற்கிறார்கள்" என்று எழுதிய தம்பிக்கு மட்டும் ஒரு கேள்வி. எவ்வளவுக்குப்பா விற்றார்கள்? அந்தத் தப்பு அடிக்கிற பையன் ரெக்கார்டிங் வாடகைக்குத் தன் பைக்கை விற்றான். விற்றது அது ஒன்றுதான்.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்கலாம். என் அம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1978இல், பன்னிரண்டு வயதில், அழுகைக் கோச்சியில் ஏறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டுக் கோத்தகிரிக்கு வந்தார். மறுபடியும் தேயிலைதான். அங்கே இருந்தவரைக்கும் கள்ளத்தோணி, தோட்டக்காட்டான். இங்கே வந்ததும் சிலோன்காரி. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், என்னையும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ரெக்கார்டு நோட்டில் என் பெயருக்குக் கீழே ஒருத்தி பென்சிலில் எழுதிவைத்திருந்தாள். அழித்த இடம் கடைசிவரைக்கும் கறுப்பாகவே இருந்தது.

அம்மாயி இருந்தவரை சாயந்திரம் விளக்கு வைத்ததும் கதை தொடங்கும். "தலைமன்னார் துறையில நிக்கிறோம், உங்க தாத்தா கையில தகரப்பெட்டி..." அவ்வளவுதான், மாமா எழுந்து வெளியே போய்விடுவார். அத்தை "ஆரம்பிச்சாச்சு" என்பார். நானும் டியூஷன், படம், போன் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு எழுந்துவிடுவேன். பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது வரைக்கும் அம்மாயி ஒருநாளும் போனதில்லை. போகவிடவில்லை நாங்கள். 2009இல் இறந்துபோனார். பெட்டி இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. திறந்தால் காலி.

ஆகவே ஐயா, உங்களை மட்டும் சொல்லி என்ன, நானும் இருபது விநாடி ஆள்தான். ஆனால் நான் மைக் பிடித்து அதைச் சொல்லிச் சிரிப்பு வாங்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் அம்மாவை உட்காரவைத்து முழு ஆல்பத்தையும் போட்டேன். அரைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். 'அரைப் பேர்' பாட்டு வந்தபோது மட்டும் கை நின்றது. கொழுந்து எடை குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளம், அதற்குத்தான் அரைப் பேர் என்று பெயர். ரயில் பாட்டுக்கு அழுவார் என்று பயந்தேன், அழவில்லை. கடைசிப் பாட்டில், விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டத்துக்கு, ஆள் கூப்பிட அடிக்கிற தப்பு வரும். அதுவும் முடிந்தது. நான் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பெரட்டுத் தப்பை இவ்வளவு மெதுவா அடிச்சா எவன் எந்திரிப்பான்?" என்றார்.

தப்பு அடிக்கிற பையனுக்கு அதை அப்படியே வாய்ஸ் மெசேஜில் அனுப்பினேன். மூன்று நாளில் அவன் முதல் தடவையாகச் சிரித்திருக்கிறான். "அக்கா, அம்மாவைத் தட்டிக் காட்டச் சொல்லுங்க, எந்த வேகம்னு கேக்கணும்" என்றான். அம்மா முதலில் முடியாது என்றார். பொம்பளை எங்கே தப்பு அடித்தாள் என்றார். அப்புறம் கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அரிசி டின் மூடியை எடுத்து மடியில் கவிழ்த்து, கதவைச் சாத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்றார்.