கோழி இறக்கையை உடம்போடு இறுக்கிக் கட்டாதீர்கள்

அண்ணே, கோழிக்கு இறக்கை ஒடிந்து தொங்கினால் உடம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டி, நாம் போடும் வலி மாத்திரையில் பாதி கொடுத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே ஆபத்து.

கோழிக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு. நெஞ்சைச் சுற்றி இறுக்கினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். இறக்கையை இயல்பாக மடக்கி, அதை மட்டும் மெல்லிய துணியால் எட்டு வடிவில் சுற்றுங்கள். உடம்போடு சேர்க்கத்தான் வேண்டுமென்றால் கட்டுக்குள் விரல் நுழைய வேண்டும்.

தோளை ஒட்டிய எலும்பு உள்ளே காற்றறையோடு சேர்ந்தது. அங்கே எலும்பு வெளியே தெரிந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், நேராக மூச்சுப்பாதைக்குப் போகும். உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போங்கள். நம்ம மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் அரசு மருந்தகம் இருக்கிறது.

மாத்திரை வேண்டவே வேண்டாம். பல வலி மாத்திரைகளில் இருக்கும் டைக்ளோஃபெனாக் மருந்து பறவையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்த மருந்து கொடுத்த மாடுகளின் பிணத்தைத் தின்றுதான் பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவு அழிந்தன; 2006-ல் கால்நடைக்கு அதைப் பயன்படுத்தத் தடையே வந்தது.

அப்புறம், தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். ரத்தம் தெரிந்தால் மற்ற கோழிகள் கொத்தியே கொன்றுவிடும். மூன்று வாரம் பரணில் ஏற விடாதீர்கள்.